தாழ்ந்த மூலையைத் தூக்கி நிறுத்துவது எப்படி: பழைய மரவீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூலை இறங்கிப்போன மரவீட்டில் முதல் வேலை ஜாக்கி தேடுவது இல்லை. நல்ல மழை பெய்யும் நாளில் குடையை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் பக்கத்தில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்தது எந்தப் பக்கம் ஓடுகிறது, சுவரில் எவ்வளவு உயரத்துக்குச் சேறு தெறிக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த தாழ்ந்த மூலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்த அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. காரணத்தை விட்டுவிட்டு மூலையை மட்டும் தூக்கினால், சில வருடத்தில் அதே மூலைக்கு அதே ஜாக்கியோடு திரும்பி வர வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இருபது முப்பது வருடம் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கிய மூலையை ஒரே மதியத்தில் ஏற்றிவிட நினைக்கக் கூடாது. மரம் வளையும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் மரம் பிளக்கும், ஜன்னல் கண்ணாடி விரிசல் விடும், மூலைப் பொருத்து பிரியும்.

இங்கே சொல்லப்போவது கல், தூண் அல்லது சிறிய மேடைகள் மேல் நிற்கும், தரைத்தளம் மட்டும் உள்ள மரவீட்டுக்கு. மேலே மாடி உள்ள வீடு, சரிவான நிலத்தில் நிற்கும் வீடு, தாழ்ந்த மூலையிலேயே செங்கல் புகைபோக்கி உள்ள வீடு, 10 செ.மீ.க்கு மேல் இறங்கிய வீடு என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்துக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். அஸ்திவார வேலைக்கு அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூலை ஏன் இறங்கியது

மூன்று விதமாக இறங்கும். மரம் மக்கி நசுங்கியிருக்கும். அல்லது மரம் நன்றாக இருந்தும் அதன் கீழிருக்கும் கல்லோ தூணோ மண்ணுக்குள் இறங்கியிருக்கும். அல்லது தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழுக்கியிருக்கும். பல வீடுகளில் முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஏனென்றால் மரத்தை மக்க வைத்த அதே தண்ணீர்தான் மண்ணையும் இளக்கியிருக்கிறது.

ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் அடியில் படுத்திருக்கும் அடிச்சட்டத்தை மூலையிலிருந்து தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் குத்திக்கொண்டே போங்கள். வெளிப்பக்கம், அடிப்பக்கம், முடிந்தால் உள்பக்கமும். நல்ல மரத்தில் முனை இரண்டு மூன்று மி.மீ. போய் நின்றுவிடும், திருப்பி இழுக்கும்போது மரம் முனையைப் பிடிக்கும். மக்கிய மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். சில சமயம் மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே விரல் மூட்டு அளவுக்குப் பழுப்பு நிறத்தில் சதுரம் சதுரமாக வெடித்த தூள்தான் இருக்கும். அதனால் கண்ணை நம்ப வேண்டாம். சுத்தியலால் தட்டிப் பார்த்தாலும் தெரியும்: நல்ல மரம் கணீரென்று கேட்கும், மக்கியது சொத்தென்று கேட்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் மக்கவைக்கும் பூஞ்சை வளர வாய்ப்பு வந்துவிடுகிறது. எங்கே மரம் மண்ணைத் தொடுகிறதோ அங்கே அந்த ஈரம் எப்போதும் இருக்கும்.

அப்புறம் கரையான். தூணின் மேல் பென்சில் அகலத்தில் மண் குழாய் ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயை உடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் கரையான் உயிரோடு இருக்கிறது. அதை ஒழித்த பிறகுதான் புது மரம் வைக்க வேண்டும்.

மண்ணையும் கவனியுங்கள். களிமண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். குளிர்ப் பகுதிகளில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து தூணை மேலே தள்ளும், உருகும்போது தூண் பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பாது. அந்த இடங்களில் ஒரு மூலை தாழ்ந்ததாகத் தெரிவது, உண்மையில் மற்ற மூலை உயர்ந்ததால்கூட இருக்கலாம். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அளக்கத்தான் வேண்டும்.

அளவெடுப்பது

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் நிறமில்லாத பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினால் டியூப் லெவல் தயார்: குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்துத்தான் அளக்கப்போகிறோம். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு குமிழி மாட்டினால் அளவு பொய்யாகிவிடும். இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். லேசர் லெவல் இருந்தால் வேலை சுலபம். ஆனால் வீட்டைச் சுற்றித் திரும்பிப் போய் அளப்பதற்கு எனக்கு இன்னமும் குழாய்தான் பிடிக்கும்.

மிக உயரமாக நிற்கும் மூலையில் ஒரு கோடு போடுங்கள். அதே மட்டத்தை வீடு முழுக்கச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு ஒரு கோடாக மாற்றிக்கொண்டு வாருங்கள். பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் அடிச்சட்டத்தின் அடிவிளிம்பு வரை எவ்வளவு தூரம் என்று அளந்து, ஒரு தாளில் வீட்டின் படம் போட்டு எழுதுங்கள். தரைப்பலகையை அளக்காதீர்கள், அது தனியாக வளைந்திருக்கும். படத்தை முடித்ததும் வீட்டின் கதை தெரியும்: மூலையில் 45 மி.மீ. தாழ்வு, அதற்கு அடுத்த தூணில் 20, அதற்கடுத்ததில் 5 என்று வந்தால், தூக்க வேண்டியது ஒரு மூலையை மட்டும் இல்லை, அந்தப் பக்கத்துத் தூண் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துத்தான்.

சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சுவர் வெளியே சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஜன்னல் நிலைகளின் இரண்டு குறுக்களவையும் (மூலைக்கு எதிர் மூலை) எடுத்து எழுதி வையுங்கள். தூக்கும்போது இந்த எண்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

முழு மட்டத்துக்குத் தூக்கியே ஆக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். வீடு சாய்ந்த நிலையிலேயே யாராவது கதவைச் செதுக்கிப் பொருத்தியிருப்பார்கள், சுவர் பலகையைச் சரிவாக வெட்டி அடித்திருப்பார்கள். 45 மி.மீ. தாழ்ந்த மூலையை 35 மி.மீ. தூக்கியதும் கதவு சரியாக மூடுகிறது, ஜன்னல் இறுகவில்லை என்றால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

எடையைக் கணக்குப் போடுங்கள்

உத்தேசமாகப் போட்டால் போதும், ஆனால் போடாமல் இருக்கக் கூடாது. 6 மீட்டருக்கு 5 மீட்டர் வீடு என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 22 மீட்டர், சுவர் உயரம் 2.4 மீட்டர், கனம் 15 செ.மீ. கதவு ஜன்னலைக் கழித்தால் சுமார் 7 கன மீட்டர் மரம். காய்ந்த ஊசியிலை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ. ஆக, சுவர் 3,500 கிலோ. கூரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ என்று வைத்தால் 42 சதுர மீட்டருக்கு 2,100 கிலோ. தரை 1,500, உள்ளே இருக்கும் சாமான்கள் 1,000. மொத்தம் 8 டன் பக்கம் வருகிறது. ஓடு போட்ட கூரை என்றாலும், சுவர் தேக்குபோல் கனத்த மரம் என்றாலும் இது இன்னும் ஏறும்.

நாலில் ஒரு பங்கு, 2 டன், ஒரு மூலைக்கு. ஆனால் மூலை உயர உயர அடுத்தடுத்த தூண்களின் சுமையும் அதன் மேல் வந்து சேரும். இறுகிப்போன பொருத்துகள் விடுபடவும் கூடுதல் விசை வேண்டும். அதனால் 4 டன் என்று வைத்துக்கொண்டு, 10 டன் ஜாக்கி இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். கார் டயர் மாற்றும் மடக்கு ஜாக்கி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. கூரையில் பனி குவிந்திருக்கும் காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். படிந்து இறுகிய பனி கன மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் இருக்கும், மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும்.

ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்குச் சுலபம். ஸ்க்ரூ ஜாக்கி மெதுவானது, ஆனால் எண்ணெய் கசிந்து இறங்கும் பயம் இல்லை. எதை எடுத்தாலும் ஒரு விதி மாறாது: ஜாக்கி தூக்கத்தான், தாங்குவதற்குக் கட்டை. ஒரு முறை மாலையில் தூக்கி முடித்து, கட்டை அடுக்கை (வீட்டைத் தாங்க மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஏற்றியது) இறுக்கி ஆப்பு வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஜாக்கியின் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே 8 மி.மீ. இடைவெளி, ஜாக்கியின் காலடியில் ஒரு கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. இரவோடு இரவாக அழுத்தம் போய்விட்டது. வீடு அசையவே இல்லை, கட்டை தாங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஐந்து நிமிடம் தண்ணீர் குடிக்கப் போனாலும் ஆப்பை இறுக்கிவிட்டுத்தான் போகிறேன்.

தேவையான சாமான்கள்

ஜாக்கி இரண்டு, 10 செ.மீ. சதுரத்தில், 60 முதல் 90 செ.மீ. நீளத்தில் கெட்டியான மரக்கட்டைகள் முப்பது நாற்பது, 15 செ.மீ. சதுரத்தில் 10 மி.மீ. கன இரும்புத் தகடு நான்கு. கடின மரத்தில் செய்த ஆப்புகள் ஜோடி ஜோடியாக. கடப்பாரை, சம்மட்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு. தலைக்கவசம், கையுறை, கெட்டியான செருப்பு அல்லது பூட்ஸ். வெடிப்புள்ள கட்டை, செங்கல், உள்ளீடற்ற கான்கிரீட் கல் ஆகியவற்றை அடுக்கில் சேர்க்கவே கூடாது. மரம் நசுங்கும் முன் முனகும், நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். உள்ளீடற்ற கல் எந்தச் சத்தமும் இல்லாமல் திடீரென்று நொறுங்கும்.

இரும்புத் தகடு எதற்கு என்று கேட்கலாம். ஜாக்கியின் தலை ஒரு எலுமிச்சம்பழம் அகலம்தான். 2 டன் அந்த இடத்தில் மட்டும் அழுத்தினால் தலை மரத்துக்குள் புதைந்துவிடும். அந்தச் சுமையை நசுங்காமல் வாங்க, மிருதுவான மரத்துக்குக் குறைந்தது 10 செ.மீ. சதுரமாவது பரப்பு வேண்டும். தகடு அதைப் பரப்பிக் கொடுக்கிறது. பெயிண்ட் அடித்த தகடு வழுக்கும், துருப்பிடித்த சொரசொரப்பான தகடே நல்லது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைத் துண்டு வைத்தால் பிடிப்பு இன்னும் கூடும்.

வீட்டைத் தயார் செய்வது

வீடு மேலே போகப்போகிறது. அதோடு சேர்ந்து போகாத எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், சுவரில் இறுக்கி அடித்த மின்கம்பி என ஒவ்வொன்றாகப் பாருங்கள். எரிவாயுவை மூடி, இணைப்பைத் தெரிந்தவரை வைத்துக் கழற்றுங்கள். மின்கம்பியில் தளர்வு இல்லாவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்ற வேண்டும். புகைபோக்கி பெரும்பாலும் தனக்கென்று தனி அஸ்திவாரத்தில் நிற்கும், அது உயராது. ஆகவே கூரையையும் தளத்தையும் அது துளைத்துப்போகும் இடங்களில் சுற்றிலும் ஒட்டியிருப்பதை வெட்டி விடுவிக்க வேண்டும். மறந்தால் புகைபோக்கி விரிசல் விடும், அது தெரியாமல் அடுப்பு மூட்டினால் நெருப்பு சுவருக்குள் போகும்.

அந்த மூலையில் உள்ள ஜன்னல் சட்டங்களைக் கழற்றி வையுங்கள். முடியாவிட்டால் திறந்தாவது விடுங்கள். கதவுகள் திறந்தே இருக்கட்டும். நிலையைச் சுற்றி அடித்த அலங்காரப் பலகைகள், மூலையில் அடித்த செங்குத்துப் பலகை, வெளியே ஒட்டியிருக்கும் படி, திண்ணை எல்லாவற்றையும் கழற்றுங்கள் அல்லது பிரித்துவிடுங்கள். மூலையில் கனமான பீரோ இருந்தால் எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். தூக்கும் நேரத்தில் வீட்டுக்குள் ஆள், குழந்தை, நாய் பூனை எதுவும் இருக்கக் கூடாது.

முழு மரங்களைப் படுக்கவைத்து அடுக்கிய சுவர் என்றால் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. அடியிலிருந்து தூக்கும்போது மரங்கள் ஒன்றையொன்று தள்ளி, ஜன்னல் ஓரங்களில் சுவர் புடைத்துக்கொள்ளலாம். சுவரின் இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரு கெட்டியான செங்குத்துச் சட்டம் வைத்து, துளைபோட்டு, போல்ட்டால் இறுக்குங்கள். துளையை நீளவாக்கில் கொஞ்சம் பெரிதாக விட்டால் மரங்கள் படிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

கட்டை அடுக்கு

எங்கே ஜாக்கி வைப்பது? மூலைக்கு நேர் கீழே வேண்டாம், அங்கேதான் புது அஸ்திவாரம் வரப்போகிறது. மூலையிலிருந்து இரண்டு சுவர்ப் பக்கமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி, ஒவ்வொரு பக்கமும் ஒரு ஜாக்கி, அதன் பக்கத்தில் ஒரு கட்டை அடுக்கு. அடிச்சட்டம் அங்கே நல்ல மரமாக இருக்க வேண்டும். மக்கியிருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள், அல்லது சுவருக்குக் குறுக்காக ஒரு கெட்டியான உத்தரத்தை உள்ளே செலுத்தி, மக்காத மேல்மரத்தை அதில் தாங்கித் தூக்குங்கள்.

தரை தாங்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. இறுகிய மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம், இளகிய களிமண் அதில் பாதி. ஒரு பக்கத்துக்கு 2 டன் என்றால் இறுகிய மண்ணில் 60 செ.மீ. சதுரம் போதும். இளகிய மண்ணில் 90 செ.மீ.க்கு 60 செ.மீ. வேண்டும். மேல்மண்ணையும் புல்லையும் சுரண்டி எடுத்து, தரையை மட்டம் செய்து, திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கனமான கட்டை) போட்டு இறுக்குங்கள். அடுக்கின் முதல் வரிசையை இடைவெளி இல்லாமல் முழுக்க நிரப்புங்கள். அதன் மேல் இரண்டு கட்டை இந்தப் பக்கம், இரண்டு கட்டை அந்தப் பக்கம் என்று குறுக்கும் நெடுக்குமாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கட்டையின் நுனியும் கீழ்க்கட்டையைத் தாண்டி 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். அடுக்கின் உயரம் அடியின் அகலத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. நான் இரண்டு மடங்கிலேயே நிறுத்திக்கொள்வேன்.

ஜாக்கிக்குத் தனி மேடை, அடுக்குக்குத் தனி மேடை. இரண்டையும் கலக்காதீர்கள்.

தூக்குவது

சரி, இப்போது ஜாக்கி. அடிச்சட்டத்தின் கீழ் பலகைத் துண்டு, இரும்புத் தகடு, ஜாக்கித் தலை. ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சுமை ஏறும்போது பக்கவாட்டில் துள்ளி வெளியே வரும். கைப்பிடியை அசைத்துச் சுமை ஏறத் தொடங்கியதும் நிறுத்துங்கள். இரண்டாவது ஜாக்கியையும் அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் போய் ஒரு முறை முழுக்கப் பாருங்கள்: மேடை புதைகிறதா, தகடு நகர்ந்ததா, கட்டை முனகுகிறதா.

அப்புறம் ஒரு ஜாக்கியில் 3 மி.மீ., மற்றதில் 3 மி.மீ. அவ்வளவுதான். உடனே கட்டை அடுக்கின் தலையில் உள்ள ஆப்புகளைத் தட்டி இறுக்குங்கள். ஆப்பு எப்போதும் ஜோடியாக, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. அப்போதுதான் மேல்பரப்பு மட்டமாக இருக்கும். சட்டத்துக்கும் அடுக்குக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி எந்த நேரத்திலும் இருக்கக் கூடாது. ஜாக்கி தவறினாலும் வீடு சில மி.மீ.தான் விழும்.

நான் ஒரு நாளைக்கு 6 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.க்கு மேல் போவதில்லை. காலையில் 3, சாயங்காலம் 3 என்பது நல்ல ஓட்டம். 35 மி.மீ. தூக்க ஐந்தாறு நாள் ஆகும். இடைப்பட்ட நேரத்தில் உள்ளே போய்ப் பாருங்கள். கதவின் மேல்விளிம்பில் இருந்த முக்கோண இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். ஜன்னல் குறுக்களவு மாறும். இவற்றையும் டியூப் லெவல் அளவையும் தேதி போட்டுத் தாளில் எழுதுங்கள்.

சத்தம் வரும். நீளமாக இழுத்து முனகுவது, டிக் டிக்கென்று ஆணி நகர்வது எல்லாம் இயல்பு. பழைய பொருத்துகள் விடுபடுகின்றன. துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரே ஒரு கூர்மையான சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஆப்பை இறுக்கி, ஜாக்கியைத் தொடாமல், எங்கே பிளந்தது என்று தேடுங்கள். கைப்பிடி வழக்கத்தைவிட அதிகமாக இறுகி, ஆனால் மூலை அசையாமல் இருந்தாலும் நிறுத்த வேண்டும். ஏதோ ஒன்று வீட்டைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறது: கழற்ற மறந்த குழாய், தூணோடு சேர்த்து அடித்த ஒரு போல்ட்டு, படியில் மாட்டிய ஒரு சட்டம். விசையைக் கூட்டி அதை வெல்லப் பார்க்காதீர்கள், தேடிக் கண்டுபிடியுங்கள்.

உடலின் எந்தப் பகுதியும் தூக்கிய சட்டத்தின் கீழே போகக் கூடாது. ஆப்பைக் கையால் உள்ளே தள்ளாமல், கட்டைத் துண்டால் தள்ளி, சுத்தியலால் தட்டுங்கள். தனியாக இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஒருவர் ஜாக்கியில், ஒருவர் சற்றுத் தள்ளி நின்று சுவரையும் அடுக்கையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். “நிறுத்து” என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மக்கிய சட்டத்தை மாற்றுவது

தேவையான உயரத்தைவிட 10 மி.மீ. கூடுதலாகத் தூக்கினால் புது மரம் உள்ளே நுழைய இடம் கிடைக்கும். மக்கிய பகுதி முடிந்த இடத்திலிருந்து இன்னும் 30 செ.மீ. நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டி எடுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியும் ஓடியிருக்கும். புது மரத்தைப் பழையதோடு பாதிப்பாதியாகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பொருத்துங்கள். அந்தப் பொருத்தின் நீளம் சட்டத்தின் உயரத்தைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்கட்டும், இரண்டு போல்ட்டு குறையாமல் போட்டு இறுக்குங்கள். பொருத்து ஒரு தூணின் மேலேயே வந்தால் மிகவும் நல்லது.

புது மரம் பழையதன் வகையிலேயே, காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈர மரத்தை வைத்தால் அது சுருங்கும், மூலை மறுபடி சில மி.மீ. இறங்கும். வெட்டிய முகப்புகளில் போரேட் கரைசலை (பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும் மருந்து) இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடுங்கள். மரத்தின் வெட்டுமுகம்தான் தண்ணீரை உறிஞ்சும் வாய்.

புது அஸ்திவாரம்

பழைய கல்லைத் தோண்டி எடுங்கள். குழியின் விளிம்பு கட்டை அடுக்கை நெருங்கிவிடக் கூடாது. குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுக்கின் கீழிருக்கும் மண் குழிக்குள் சரியும். இறுகிய மண் தெரியும் வரை தோண்டுங்கள். மண் உறையும் பகுதி என்றால், உறைபனி இறங்கும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். அந்த ஆழம் எவ்வளவு என்று பக்கத்தில் வீடு கட்டியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் 15 முதல் 20 செ.மீ. ஜல்லி போட்டு, அடுக்கடுக்காகத் திமிசு கொட்டி இறுக்குங்கள். அதன் மேல் 60 செ.மீ. சதுரத்தில் 25 செ.மீ. கனத்துக்குக் கான்கிரீட், உள்ளே 12 மி.மீ. கம்பி 15 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக. கம்பியைத் தரையில் போட்டு அதன் மேல் கான்கிரீட்டைக் கொட்டாதீர்கள். சிறு கான்கிரீட் வில்லைகள் மேல் 5 செ.மீ.க்குமேல் உயர்த்தி வையுங்கள். ஒரு வாரம் ஈரமாகவே வைத்திருங்கள். சாதாரண சிமெண்ட் கான்கிரீட் 7 நாளில் தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டும், 28 நாளில் முழுசும். வீடு கட்டை அடுக்கின் மேல் பத்திரமாக இருப்பதால் அவசரமே இல்லை. நான் மூன்று வாரமாவது காத்திருப்பேன்.

அதன் மேல் தூண் அல்லது கல் மேடை எழுப்புங்கள். மரத்தின் அடி தரையிலிருந்து குறைந்தது 30 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேடையின் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே தார் அட்டை இரண்டு மடிப்பு. கான்கிரீட் ஈரத்தை மேலே உறிஞ்சும், அட்டை இல்லாவிட்டால் புது மரமும் அதே வழியில் போகும். கரையான் தொல்லை உள்ள இடத்தில், மேடையை மூடி ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கிய துருப்பிடிக்காத தகட்டுத் தொப்பியும் போடுங்கள். அது கரையானை முழுசாகத் தடுக்காது, ஆனால் மண் குழாய் கட்டினால் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வரவைக்கும்.

இறக்கி உட்காரவைப்பது

இதுதான் தூக்குவதைவிடக் கவனம் கேட்கும் நேரம், ஏனென்றால் வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. முதலில் ஜாக்கியை ஒரு மயிரிழை தூக்கி, ஆப்பை 3 மி.மீ. தளர்த்துங்கள். பிறகு ஹைட்ராலிக் ஜாக்கியின் அழுத்தம் விடும் திருகை மிக மெல்லத் திறந்து அந்த 3 மி.மீ. மட்டும் இறக்குங்கள். திருகை முழுசாகத் திறந்தால் இரண்டு டன் சட்டென்று விழும். இப்படியே இரண்டு பக்கமும் மாறி மாறி.

இறுதி உயரத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. மேலேயே சட்டம் மேடையில் உட்காரும்படி வையுங்கள். புதுப் பொருத்தும் அட்டையும் அழுந்தி அந்த அளவு இறங்கும். நடுவே மெல்லிய இடைவெளி மிஞ்சினால் இரும்புத் தகடு அல்லது ஸ்லேட் கல்லால் நிரப்புங்கள். மிருதுவான மரச் சில்லு வேண்டாம், அது நசுங்கிக்கொண்டே போகும். சட்டத்தை மேடையோடு இரும்புப் பட்டை வைத்து இணைத்துவிடுங்கள். காற்று பலமாக அடிக்கும் இடத்தில் இது கட்டாயம். கட்டை அடுக்கை ஒரு வாரம் அப்படியே, சட்டத்துக்கு 5 மி.மீ. கீழே நிற்கும்படி விட்டுவைத்து, அப்புறம் பிரியுங்கள்.

கழற்றிய குழாய்களையும் கம்பிகளையும் கொஞ்சம் தளர்வு விட்டு மாட்டுங்கள். புகைபோக்கியைச் சுற்றி விட்ட இடைவெளியை எரியாத பொருளால் மூடுங்கள். கதவு நிலையைச் செதுக்குவது, சுவர்ப் பலகை அடிப்பது, பெயிண்ட் இதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கட்டும்.

தண்ணீரைத் திருப்பிவிடுவது

மழையில் குடையோடு நின்று பார்த்தது இப்போது பயன்படும். வீட்டைச் சுற்றி மண் வெளியே சாய வேண்டும்: முதல் 3 மீட்டரில் மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு. கூரை ஓரத்தில் தகரக் கால்வாய் மாட்டி, அதன் குழாயை மூலையிலிருந்து 2 மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். பழைய கால்வாய் இருந்தால் ஏணி போட்டு ஏறி, மூலையில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கைப்பிடி மக்கிய இலைதான் பல வீடுகளில் மூலையை இறக்கியிருக்கிறது. சுவரோரம் குவித்த மண், பூச்செடிப் பாத்தி, அடுக்கிய விறகு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தரைக்கடியில் காற்று இரண்டு எதிர்ப் பக்கங்களிலிருந்தும் நுழைந்து வெளியேற வழி இருக்கட்டும்.

பிறகு பார்க்க வேண்டியது

மேடைக்குப் பக்கத்தில் சட்டத்தின் மேல் டியூப் லெவல் கோடு ஒன்றைப் பென்சிலால் இல்லாமல், ஆணியால் கீறி நிரந்தரமாக விடுங்கள். எதிர் மூலையிலும் அதே மட்டத்தில் ஒன்று. ஒரு மாதம் கழித்து, பிறகு முதல் பெருமழை முடிந்து, பிறகு ஒரு வருடம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். முதல் மாதத்தில் 2 மி.மீ. இறங்கியிருந்தால் அது எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டிருந்தால் மேடையின் கீழே மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. மறுபடி ஜாக்கி வைப்பதற்கு முன்னால், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அடுத்த மழையில் போய் நின்று பாருங்கள்.